சிறு ஸ்கூட்டர் எஞ்சினைச் சீர்செய்தலும் திறன் உயர்த்தலும்

இத்தாலியில் 1946ஆம் ஆண்டில் வெஸ்பா ஸ்கூட்டரும், 1947ஆம் ஆண்டில் லாம்பிரெட்டா ஸ்கூட்டரும் தோன்றின. இவ்விரு வகைகளும் சில ஆண்டுகளுக்குள் இந்தியாவிலும் வேரூன்றின. லக்னோவில் 1972ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்னும் அரசுத்துறை நிறுவனம், லாம்பிரெட்டா செய்தற்குரிய பொறிகளை இத்தாலியிலிருந்து வாங்கி உற்பத்தியை மேற்கொண்டது. அதே ஆண்டில் வெஸ்பா வழிவந்த பஜாஜ் சேட்டக் வெளியாயிற்று. வேளாண்மை அலுவலர், கால்நடை மருத்துவர், பள்ளி ஆசிரியர் எனப் பலதிறத்தார்க்கும் இவ்வண்டிகள் பல்லாண்டுகள் உற்ற துணையாய் இருந்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபின், இவற்றில் அமைந்த இரு வீச்சு எஞ்சின் இந்தியச் சாலைகளுக்கான புதிய ஸ்கூட்டர்களில் இடம்பெறுவதில்லை. எனினும் பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. எஞ்சினைப்பற்றிய பாடத்திற்கு இவற்றினும் எளிய கருவி கிடைப்பது அரிது.

பழைய ஸ்கூட்டர் உடையவர் பெரும்பாலும் கூறும் குறை ஒன்றே: வண்டி முன்போல் இழுக்கவில்லை என்பது. இதற்குக் கூறப்படும் மருந்துகளோ பல. ஸைலன்ஸரின் உட்தகட்டைத் துளைத்தல், காற்று வடிகட்டியைக் கழற்றிவிடுதல், ஹெட்டைக் கடைசலில் சீவுதல், சிலிண்டர் வாயில்களை அராவி உயர்த்தல் முதலியன அவற்றுட் சில. இவற்றைச் செய்தபின் சில நாட்கள் வண்டி பாய்ந்து செல்வதுபோல் தோன்றும். பின்னர் ஒரு நாள் பிஸ்டன் சிலிண்டரில் பற்றிக்கொள்ளும். ஓடும் வண்டியில் இது நேர்ந்தால் பின் சக்கரம் ஒரு கணத்தில் நின்றுவிடும். ஆதலின் எஞ்சினின் திறனை உயர்த்தல் என்பது ஓட்டுபவரின் உயிரையும் சார்ந்த செயலாகும். எந்த மாற்றம் எதனைத் தருகிறது, எதனைக் கவர்கிறது என்பதை அளந்தறிந்த பின்னரே அதில் கைவைத்தல் தகும்.

எஞ்சின் இயங்கும் முறை

சேட்டக் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 57 மி.மீ.; பிஸ்டன் வீச்சும் 57 மி.மீ. இவ்வளவுகளிலிருந்து அதன் கொள்ளளவு 145.45 கன செ.மீ. எனக் கிடைக்கிறது. இவ்வகை எஞ்சினில் திறந்து மூடும் வால்வுகள் சிலிண்டரில் இல்லை. சிலிண்டர்ச் சுவரில் வெட்டப்பட்ட வாயில்களைப் பிஸ்டனே திறந்தும் மூடியும் செல்கிறது. எரிந்த வாயு வெளியேறும் வழி வெளியேற்று வாயில் எனப்படும். கிராங்க் அறையிலிருந்து புதிய கலவை மேலேறும் வழி கடத்து வாயில் எனப்படும்.

பிஸ்டன் மேலே செல்லும்போது சிலிண்டரிலுள்ள கலவை அமுக்கப்படுகிறது. அதே வேளையில் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் பெட்ரோலும் எண்ணெயும் காற்றும் கலந்த புதிய கலவை ஈர்க்கப்படுகிறது. தீப்பொறி பாய்ந்தபின் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. முதலில் வெளியேற்று வாயில் திறந்து அழுத்தம் தணிகிறது. அதன்பின் கடத்து வாயில் திறந்து, புதிய கலவை மேலேறிப் பழைய வாயுவைத் தள்ளிவிடுகிறது. இவ்விரு வாயில்களும் ஒருங்கே திறந்திருக்கும் நேரத்தில் புதிய கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடும். இவ்விழப்பு எஞ்சினின் அமைப்பையும் வேகத்தையும் பொறுத்து 15 முதல் 40 சதவீதம் வரை அமையலாம். இரு வீச்சு எஞ்சின் மிகுதியாகப் பெட்ரோல் குடிப்பதற்கும் புகைவதற்கும் இதுவே முதற்காரணம்.

கிராங்க் அறையும் ஒரு பம்பாகத் தொழிற்படுகிறது என்பது இங்கே கருதத்தக்கது. அவ்வறையில் காற்றுக் கசிவு இருப்பின், மேலே எத்துணை நுட்பமான மாற்றம் செய்தாலும் பயனில்லை.

திறன் என்பது யாது?

எஞ்சினின் திறன் முறுக்கு விசை, சுழற்சி வேகம் ஆகிய இரண்டின் பெருக்கமாகும். நிமிடத்திற்கு 5000 சுற்றில் ஓர் எஞ்சின் 10 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை தருமானால் அதன் திறன் ஏறத்தாழ 5240 வாட், அஃதாவது 7 குதிரைத்திறன். இதனை உயர்த்த மூன்று வழிகளே உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியான கலவையைச் சிலிண்டரில் நிறுத்தல், நிறுத்திய கலவையை நன்கு அமுக்கி உரிய நேரத்தில் எரித்தல், நிமிடத்திற்குரிய சுற்றுக்களை மிகுத்தல். மூன்றாம் வழியே பலரையும் கவர்வது. இடரும் அதிலேயே மிகுதி.

உயர்ந்த வேகத்தை நாடுவோர் ஒரு செய்தியை மறத்தலாகாது. காற்றின் எதிர்ப்பை வெல்வதற்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 80 கி.மீ. செல்லும் வண்டியை 88 கி.மீ. செல்லச் செய்தற்குத் திறன் மூன்றில் ஒரு பங்கு மிக வேண்டும். வேகம் பத்தில் ஒரு பங்கே கூடும். ஆனால் பிரேக்குகள் அடக்கவேண்டிய ஆற்றலோ 21 சதவீதம் கூடிவிடும். பத்து அங்குலச் சக்கரமும் டிரம் பிரேக்கும் இதற்கென அமைந்தவை அல்ல.

களப்பணியாளர்க்கு வேண்டுவது பெரும்பாலும் ஏற்றத்தில் இழுக்கும் ஆற்றலே. 100 கிலோ எடையுள்ள வண்டியில் இருவரும் சிறு பொதியுமாக 140 கிலோ ஏறியிருப்பதாகக் கொள்ளலாம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் செல்ல, உயர்வுக்கு மட்டும் 1764 வாட், அஃதாவது ஏறத்தாழ 2.4 குதிரைத்திறன் வேண்டும். காற்று, உராய்வு ஆகியவற்றிற்குரிய பங்கைச் சேர்த்தாலும் நல்ல நிலையிலுள்ள எஞ்சினுக்கு இது இயலாத பளு அன்று. எனவே ஏற்றத்தில் தளரும் வண்டிக்குப் பெரும்பாலும் வேண்டுவது இழந்த திறனை மீட்டலேயாகும்.

முதற் படி: இழந்ததை மீட்டல்

எண்ணெய் கலந்த பெட்ரோல் எரிவதால் வெளியேற்று வாயிலிலும் ஸைலன்ஸரின் கழுத்திலும் கரி படிகிறது. 30 மி.மீ. விட்டமுள்ள துளையின் சுற்றிலும் ஒன்றரை மி.மீ. கரி படிந்தால் துளை 27 மி.மீ. ஆகச் சுருங்கும்; அதன் பரப்பில் 19 சதவீதம் மறைந்துவிடும். இக்கரியை மரக் குச்சியாலோ மழுங்கிய பித்தளைத் தகட்டாலோ நீக்குதல் வேண்டும். கூரிய எஃகுக் கருவி பிஸ்டன் தலையையும் வாயிலின் விளிம்பையும் கீறிவிடும்.

அடுத்து ரிங்குகளின் தேய்வையும் சிலிண்டரின் தேய்வையும் அளத்தல் வேண்டும். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் அளந்து குறித்துக்கொள்வது முறை. தேய்வு எல்லையைக் கடந்திருப்பின் ரீபோர் செய்து உரிய அளவுள்ள பிஸ்டன் இடவேண்டும்.

கிராங்க் ஷாப்டின் இருபுறத்து ஆயில் சீல்கள் மூன்றாவதாக ஆராயத்தக்கவை. மேக்னெட் பக்கத்துச் சீல் கெட்டால் காற்று உட்புகுந்து கலவை நீர்த்துவிடும். ஆக்ஸிலேட்டரை மூடியபின்னும் எஞ்சின் வேகம் தணியாமல் நிற்பது இதன் அறிகுறி. கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால் கியர்ப் பெட்டியின் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகை மிகும். இக்குறைகளைத் தீர்க்காமல் ஜெட்டை மாற்றுவது நோயை மறைப்பதாகுமே அன்றித் தீர்ப்பதாகாது.

குளிர்விக்கும் காற்றும் கருதத்தக்கது. மேக்னெட் சக்கரத்தில் அமைந்த விசிறி அனுப்பும் காற்றைச் சிலிண்டரின் மடிப்புகளுக்கு இட்டுச் செல்வது தகரக் கூடே. அக்கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எஞ்சின் குளிரும் எனச் சிலர் நினைப்பர். உண்மை இதற்கு மாறானது: வழிப்படுத்தப்படாத காற்று சிதறிப்போக, சிலிண்டரின் ஒரு புறம் மிகுதியாகச் சூடேறும்.

தீப்பொறி நேரம்

கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் வேண்டும். ஆதலின் பிஸ்டன் மேல் முனையை அடைவதற்கு முன்னரே தீப்பொறி பாய்தல் வேண்டும். நிமிடத்திற்கு 5000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் 12 பங்கு. தீப்பொறி 22 பாகை முன்னதாகப் பாய்ந்தால், மேல் முனைக்கு வருமுன் கிடைக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே.

கனெக்டிங் ராடின் நீளம் 105 மி.மீ. எனக் கொண்டு கணக்கிட்டால், 22 பாகைக்குப் பிஸ்டன் மேல் முனைக்கு 2.62 மி.மீ. கீழே நிற்கும்; 20 பாகைக்கு 2.17 மி.மீ. கீழே நிற்கும். அஃதாவது ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.22 மி.மீ. வேறுபாடே உண்டு. கண்ணளவால் இதனை வைக்க இயலாது என்பதை இக்கணக்கே காட்டும். கிராங்கில் பாகைத் தட்டு ஒன்றைப் பொருத்தி, பிளக் துளை வழியே பிஸ்டனைத் தடுக்கும் திருகு ஒன்றை இட்டு, இரு திசைகளிலும் சுழற்றி, தடைபடும் இரு குறிகளின் நடுவை மேல் முனையாகக் கொள்வது நம்பத்தக்க முறை.

பாயிண்டுகளின் இடைவெளியைக் கையேட்டின்படி முதலில் வைத்து, அதன்பின் நேரத்தை அமைத்தல் வேண்டும். இவ்வரிசை மாறலாகாது, ஏனெனில் இடைவெளி மிகுந்தால் பாயிண்டு முன்னரே திறந்து நேரமும் முந்திவிடும். பழைய வெஸ்பா வகைகளில் இவ்விடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ. வரை இருப்பது வழக்கம். மெல்லிய தாள் ஒன்றைப் பாயிண்டுகளிடையே வைத்து இலேசாக இழுத்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பினால், தாள் நழுவும் கணமே பாயிண்டு திறக்கும் கணமாகும்.

நேரத்தை மிகவும் முந்தவைத்தால் எஞ்சினில் கணகணவென்ற தட்டொலி எழும். பிஸ்டன் தலை அளவிறந்து சூடேறும். மிகவும் பிந்தவைத்தால் இழுப்பு மந்தமாகி வெளியேற்று குழாய் சூடேறும். சிறிது முந்தவைத்தால் சற்றுக் கூடுதலான திறன் கிடைக்கலாம் என்பது மெய்யே. அவ்வூதியத்திற்காகப் பிஸ்டனைப் பணயம் வைத்தல் அறிவுடைமை அன்று.

கலவையின் செறிவு

ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மிகுந்த திறன் கிடைப்பது 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவான காற்றுள்ள செறிந்த கலவையில்தான். மிகுதியாக உள்ள பெட்ரோல் பிஸ்டனைக் குளிர்விக்கவும் துணைபுரிகிறது. இரு வீச்சு எஞ்சினில் மசகெண்ணெயும் பெட்ரோலுடனே வருவதால், கலவை நீர்த்தால் வெப்பம் மிகுவதுடன் எண்ணெயும் குறைகிறது. காற்று வடிகட்டியைக் கழற்றும்போது நேர்வது இதுவே.

டெல்ஆர்ட்டோ வகைக் கார்புரேட்டர்களில் மெயின் ஜெட்டின் எண் அதன் துளையை மில்லிமீட்டரில் நூறின் பங்காகக் குறிக்கும். 100 என்பது 1.00 மி.மீ. துளை. துளையின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 100க்குப் பதில் 105 இட்டால் பரப்பு 10 சதவீதம் கூடும். எண்ணில் சிறிதாகத் தோன்றும் மாற்றம் கலவையில் பெரிது என்பதை மாணவர் இதனால் அறிவர்.

எண்ணெயை மிகுதியாகக் கலந்தால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு மிகும் என்பது பரவலான எண்ணம். பிற்காலத்து ஸ்கூட்டர்களுக்கு 2 சதவீதம், அஃதாவது லிட்டருக்கு 20 மி.லி. என்பது வழக்கமான அளவு. இதனை மும்மடங்காக்கினால் ஜெட்டின் வழியே செல்லும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்து, கலவை அவ்வளவுக்கு நீர்க்கிறது. கரியும் விரைவில் படிகிறது.

இக்காலத்துப் பெட்ரோல் தனியே கருதத்தக்கது. இந்தியாவில் பெட்ரோலுடன் 20 சதவீத எத்தனால் கலத்தல் என்னும் இலக்கு 2025ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. எத்தனால் ஒரு கிலோ எரிய 9 கிலோ காற்றே போதும். ஆதலின் இக்கலப்பு எரிபொருளுக்கு வேண்டிய காற்று 13.5 கிலோ அளவாகக் குறைகிறது. பழைய ஜெட்டை அப்படியே வைத்து ஓட்டினால் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் நீர்த்திருக்கும். 100 எண்ணுள்ள ஜெட்டுக்குப் பதில் 104 இட்டால் பரப்பு 8 சதவீதம் கூடும். இது கணக்கின் வழி கிடைக்கும் தொடக்கமே. முடிவைப் பிளக்கின் நிறமும் ஓட்டமும் உறுதிசெய்தல் வேண்டும். எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கவும் கூடும். நெடுநாள் நிறுத்திவைக்கும் வண்டியின் டாங்கியைக் காலிசெய்வது நலம்.

மலைப்பகுதிகளில் நிலை வேறு. 2200 மீட்டர் அளவு உயரத்திலுள்ள சிம்லாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே திறன் குறைவது எஞ்சினின் பிழையன்று. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாமையால் கலவை செறிந்து புகை மிகும். அங்கே நிலையாகப் பணிபுரிவோர் சிறிய ஜெட் இடுவது பொருத்தமே. ஆனால் அதே ஜெட்டுடன் சமவெளிக்கு இறங்கி முழு வேகத்தில் ஓட்டினால் கலவை நீர்த்து, பிஸ்டன் பற்றிக்கொள்ளும். மலைக்கென மாற்றிய ஜெட்டை இறங்குமுன் மாற்றவேண்டும் என்பதை வண்டியிலேயே எழுதிவைத்தல் நன்று. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடியபடியே கியரில் இறங்குவதும் தீங்கானது; எஞ்சின் விரைந்து சுழல, எண்ணெயோ வருவதில்லை. இடையிடையே ஆக்ஸிலேட்டரைச் சிறிது திறந்துவிடுதல் வேண்டும்.

பிஸ்டன் பற்றுவது ஏன்?

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. 57 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 100 பாகை செண்டிகிரேடு கூடுதலாகச் சூடேறினால் 0.11 மி.மீ. விரியும். அதே அளவு சூடேறும் வார்ப்பிரும்புச் சிலிண்டர் 0.06 மி.மீ. அளவே விரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்படும் வெளி ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு போன்ற சிற்றளவே. நீர்த்த கலவையாலோ முந்திய தீப்பொறியாலோ பிஸ்டன் மட்டும் சூடேறினால் அவ்வெளி மறைந்துவிடும். பட்டறையில் இதனையே எஞ்சின் "சீஸ்" ஆயிற்று என்பர். ஓடும்போது எஞ்சினின் ஒலி திடீரெனக் கம்மி இழுப்புத் தளருமானால், உடனே கிளட்சைப் பிடித்து வண்டியை ஓரங்கட்டுதல் வேண்டும். புதிதாகச் சீர்செய்த வண்டியை ஓட்டுவோர் இரு விரல்களைக் கிளட்ச் பிடியின்மேல் வைத்திருக்கப் பழகுவது உயிர்காக்கும் பழக்கம்.

அமுக்க விகிதத்தை உயர்த்தல்

அமுக்க விகிதம் 7.5 எனக் கொண்டால், பிஸ்டன் மேல் முனையில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் 22.4 கன செ.மீ. சிலிண்டரின் முழு வாய் அகலத்துக்கும் 0.5 மி.மீ. குறையுமாறு ஹெட்டைச் சீவினால் அவ்விடம் 1.3 கன செ.மீ. குறைந்து, விகிதம் 7.9 ஆகும். ஒரு மி.மீ. சீவினால் 8.3 ஆகும். எல்லா வேகங்களிலும் சிறிது பயன் தரும் மாற்றம் இது. ஏற்றத்தில் இழுப்பும் கூடும். ஆயினும் வெப்பமும் தட்டொலியும் உடன் வளரும். அரை மில்லிமீட்டருக்கு மேல் செல்லாதிருத்தலே சாலை வண்டிக்குத் தகும்.

சீவுமுன் பிஸ்டன் தலைக்கும் ஹெட்டின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளத்தல் இன்றியமையாதது. மெல்லிய ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியே சிலிண்டர்ச் சுவர் வரை செலுத்தி, எஞ்சினைக் கையால் ஒரு முறை சுழற்றி, நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரால் அளக்கலாம். இவ்விடைவெளி ஒரு மி.மீ. அளவுக்குக் கீழே சென்றால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும் அச்சம் உண்டு.

வாயில்களை மாற்றுதல்

பந்தய வண்டிகளில் வெளியேற்று வாயிலை மேல்நோக்கி உயர்த்துவர். வாயில் முன்னரே திறந்து நெடுநேரம் திறந்திருப்பதால் உயர்ந்த சுற்றுக்களில் எஞ்சின் நன்கு மூச்சு விடும். ஆனால் இதற்குச் செலுத்தும் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மேற்கூறிய அளவுள்ள எஞ்சினில் இவ்வாயில் 140 பாகை திறந்திருப்பதாகக் கொண்டால், பிஸ்டன் மேல் முனையிலிருந்து 41.7 மி.மீ. இறங்கியதும் அது திறக்கும். இதனை 160 பாகையாக்க வாயிலை 4.4 மி.மீ. உயர்த்தவேண்டும். அப்போது பிஸ்டனைத் தள்ளும் பயனுள்ள வீச்சு 37.3 மி.மீ. ஆகக் குறைகிறது. வாயில் மூடியபின் நிகழும் மெய்யான அமுக்க விகிதமும் 5.75இலிருந்து 5.25 ஆகத் தாழ்கிறது. குறைந்த சுற்றுக்களில், அஃதாவது பளுவுடன் ஏற்றம் ஏறும் வேளையில், வண்டி முன்னினும் தளரும்.

ஒரு மில்லிமீட்டர் அராவினால் 4½ பாகை மாறுகிறது; அராவிய இரும்பை மீண்டும் வைக்க இயலாது. எனவே களப்பணிக்குரிய வண்டியில் வாயிலின் உயரத்தைத் தொடாமல், வார்ப்பின் கரடுமுரடுகளையும் கேஸ்கட்டுக்கும் வாயிலுக்கும் உள்ள பிசகையும் மட்டும் சீர்செய்தல் போதும். விளிம்புகளைச் சிறிது மழுக்கிவிட்டால் ரிங் சிக்காது.

வெளியேற்று குழாயின் வேலை

இரு வீச்சு எஞ்சினில் வெளியேற்று குழாய் புகைபோக்கி மட்டும் அன்று. எஞ்சினின் ஓர் உறுப்பாகும். வாயில் திறந்ததும் குழாயில் அழுத்த அலை ஒன்று ஓடுகிறது. விரியும் கூம்பில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பிப் பழைய வாயுவை இழுக்கிறது. பின்னர்ச் சுருங்கும் கூம்பில் மோதி அழுத்த அலையாகத் திரும்பி, வழிந்த புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்னும் பொறியாளர் 1950களில் இம்முறையை வளர்த்தார். 1961ஆம் ஆண்டில் அவருடைய 125 கன செ.மீ. பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது; லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்னும் அளவு இது.

ஆனால் இவ்வலை குறித்த நேரத்தில் திரும்பவேண்டும். சூடான வாயுவில் அலை விநாடிக்கு ஏறத்தாழ 510 மீட்டர் செல்லும். வாயில் 150 பாகை திறந்திருக்கும் எஞ்சினில் 6000 சுற்றின்போது அதற்குக் கிடைக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் 4.17 பங்கு, ஆதலின் போய்வர 2.12 மீட்டர், ஒரு வழிக்கு 1.06 மீட்டர் தூரம் பொருந்தும். அதே எஞ்சினுக்கு 4000 சுற்றில் 1.59 மீட்டர் வேண்டும். ஒரே குழாய் இரண்டிற்கும் பொருந்தாது. பந்தயக் குழாய் ஒரு சிறு வேக எல்லைக்குள் மட்டும் வியத்தகு பயன் தருவதும், அதற்குக் கீழே மந்தமாவதும் இதனாலேயே. பழைய ஸைலன்ஸரைத் துளையிடுவதோ அலையைச் சிதறடித்து ஓசையை மட்டும் பெருக்கும். ஓசையைத் திறன் என மயங்குதல் கூடாது.

சுற்றுக்கள் மிகுவதன் விளைவு

5000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 9.5 மீட்டர், 7000 சுற்றில் 13.3 மீட்டர். கனெக்டிங் ராடையும் பேரிங்குகளையும் இழுக்கும் விசை சுற்றுக்களின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அது ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். பழைய கிராங்க் ஷாப்ட் இப்பளுவுக்கு அமைந்ததன்று.

மாற்றங்களைச் சோதிக்கும் முறை

ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒரே சாலையில், ஒரே பளுவுடன், ஏறத்தாழ ஒரே வெப்ப நிலையில் ஓட்டி, குறித்த ஏற்றத்தைக் கடக்கும் நேரத்தையும் லிட்டருக்கு ஓடும் தூரத்தையும் குறிப்பேட்டில் பதிதல் வேண்டும். மும்முறை ஓட்டிச் சராசரி காண்பது நன்று. பிளக்கின் நிறத்தை அறிய, ஆளரவமற்ற நேர்ச் சாலையில் முழு ஆக்ஸிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை உடனே நிறுத்திப் பார்த்தல் வேண்டும். இளம் பழுப்பு நலம். கரிய ஈரம் செறிவு. வெண்மையும் கொப்புளமும் அபாயம். செறிந்த பக்கத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவதே பாதுகாப்பான வழி.

சட்டத்தின் வரம்பும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. பெரிய சிலிண்டர் பொருத்தல் இதனுள் அடங்கும். புகைச் சோதனையில், 2000ஆம் ஆண்டு மார்ச் 31 வரை செய்யப்பட்ட இரு சக்கர வண்டிகள் மெதுவோட்டத்தில் வெளிவிடும் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதத்திற்கு மேற்படலாகாது. அதன்பின் செய்யப்பட்ட இரு வீச்சு வண்டிகளுக்கு வரம்பு 3.5 சதவீதம்.

முடிவாக, வேலையின் வரிசை இது: கரி நீக்கல், கசிவு நீக்கல், தேய்வை அளத்தல், தீப்பொறி நேரம், ஜெட். இவ்வைந்தும் முடிந்தபின் வண்டி ஏற்றத்தில் இழுக்குமானால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அமுக்கத்தைச் சிறிது உயர்த்தல் அதற்கு அப்பாற்பட்டது. வாயிலும் குழாயும் பந்தயக் களத்துக்குரியன. பெரும்பாலான பழைய எஞ்சின்களுக்கு, அவை புதிதாய் இருந்தபோது பெற்றிருந்த திறனைத் திருப்பித் தருவதே சிறந்த திறனுயர்வாகும்.

பயிற்சி வினாக்கள்

1. லாம்பிரெட்டா 150 வகையின் சிலிண்டர் விட்டம் 57 மி.மீ., வீச்சு 58 மி.மீ. கொள்ளளவு யாது? (விடை: 148 கன செ.மீ.)

2. 95 எண்ணுள்ள ஜெட்டுக்குப் பதில் 100 இட்டால் துளையின் பரப்பு எத்தனை சதவீதம் கூடும்? (விடை: 10.8)

3. பாயிண்டு இடைவெளியைப் பெருக்கியபின் நேரத்தைச் சரிபாராமல் ஓட்டினால் எஞ்சினுக்கு நேரக்கூடிய தீங்குகள் யாவை?

4. மலையில் நன்கு ஓடிய ஸ்கூட்டரின் பிளக், சமவெளியில் வெண்ணிறமாகக் காண்கிறது. காரணமும் தீர்வும் கூறுக.